முன் தண்ணீர், பின் தண்ணீர்

மனித குலத்தின் வரலாறு என்பது கலங்கலிலிருந்து தெளிவை நோக்கி நடந்துகொண்டிருக்கும் மாபெரும் பயணம். அந்தப் பயணத்தின் பொன்னேடு நாளைக் காலை பத்து மணிக்கு நம் ஹந்தில் கருயாவில் எழுதப்படவிருக்கிறது.

இதைச் சொன்னபோது சியாரானி இடுப்பில் சாரமும் தலையில் சோப்பு நுரையுமாகக் கால்வாய்ப் படித்துறைப் பலகையில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவை மூன்று வாத்துகள். பொன்னேட்டுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டார், கைதட்டலுக்கு. பிறகு ஒரு வாளி மொண்டு தலையில் கவிழ்த்துக்கொண்டார். கடுந்தேநீர் நிறத் தண்ணீர் நுரையைக் கழுவிக்கொண்டு இறங்கியது.

"பொன்னேடு எழுதறதெல்லாம் இருக்கட்டும் அபா, ஊறவச்ச சோயாக் கூடை மேல சோப்புத் தண்ணி தெறிக்குது. தள்ளி நில்லுங்க," என்றாள் மாஸ்னியா. அபா என்றால் அப்பா. பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அவள் கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். பிள்ளைகள் வேலை தேடி வேறு தீவுக்குப் போய்விட்டார்கள். அபா மட்டும் மிச்சம்.

"பேச்சு எப்படி?"

"நீளம்."

ஹந்தில் கருயாவில் மண் என்று எதுவும் கிடையாது. இருப்பது ஆயிரமாயிரம் வருஷத்து இலையும் வேரும் ஊறிக் கறுத்த கரிமண். மழைக்காலத்தில் பஞ்சுபோல் தண்ணீரைக் குடிக்கும், வறட்சியில் உள்ளுக்குள்ளேயே புகைந்து எரியும். அதற்குள் புகுந்து வரும் கால்வாய்த் தண்ணீர் எப்போதும் பழுப்பு. கண்ணாடித் தம்ளரில் பார்த்தால் அழகு, வாயில் வைத்தால் புளிப்பு. ஊரில் வெள்ளைத் துணி என்பது கடையிலிருந்து வீடு வரைக்கும்தான். குடிக்க மட்டும் தகரக் கூரையிலிருந்து வழியும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இந்த வருஷம் நாற்பத்தேழு நாளாக ஒரு சொட்டு இல்லை. வானம் முழுக்கப் புகை. சூரியன் நடுப்பகலிலும் அடுப்பில் கிடக்கும் கங்குபோலத் தெரிந்தது.

மாஸ்னியா முப்பத்தொரு வருஷமாக டோஃபு என்ற சோயாப் பால்கட்டி செய்து விற்கிறாள். மழைக்காலத்தில் அவள் டோஃபு வெள்ளை. சந்தையில் எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். வறட்சியில் கால்வாய்த் தண்ணீரில் செய்தால் அது பழைய குதிகால் நிறத்துக்கு வந்துவிடும். "அசில், இது திங்கவா, சுவர் வைக்கவா?" என்று சந்தைக்காரர்கள் கேட்பார்கள். அசில் என்றால் சின்னம்மா, அத்தை எல்லாம்தான். மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனால் வாங்கமாட்டார்கள். வருஷத்தில் நான்கு மாதம் அவள் அடுப்பு இப்படித்தான் அணையும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து அவர்கள் படித்துறையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனது. இருநூறு லிட்டர் தொட்டி. உள்ளே எட்டு அலுமினியத் தகடுகள், கொடியில் காயப்போட்ட துணிபோல வரிசையாக. இரண்டு ஒயர், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மின்சாரம் ஓடுவதைக் காட்ட ஒரு முள். கரண்டைப் போட்டால் தகடு நுனியளவு கரைந்து தண்ணீரில் கலக்கும். தண்ணீரிலிருக்கும் பழுப்பெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு திரளும். திரண்டது மேலே நுரையாகவும் அடியில் வண்டலாகவும் ஒதுங்க, நடுவில் தெளிந்த தண்ணீர் நிற்கும். குழுவினர் இதற்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாத்து முட்டையிட்டுவிடும். ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு டோஃபுப் பெட்டி என்றார்கள்.

மாஸ்னியாவுக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. சோயாப் பாலில் புளித்த தண்ணீரை விட்டுக் கலக்காமல் காத்திருந்தால் கட்டி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இங்கேயும் அதுதான். என்ன, அங்கே கட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டுகிறாள். இங்கே கட்டியைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறாள். குழுவில் வந்திருந்த யூலியானி என்ற பெண் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னாள்: "உப்பு மறக்காதீங்க அசில். தண்ணியில கரண்ட் நடக்க அதுதான் பாலம். ரெண்டு பிடி." அன்றிலிருந்து இந்த வறட்சியிலும் டோஃபு வெள்ளையாக இருந்தது.

பெட்டிக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றார்கள். சியாரானி தலைவரானார். அதில் அவருக்கு அனுபவம் உண்டு. ரப்பர் கூட்டுறவு இழுத்து மூடப்படும் வரைக்கும் அதன் தலைவர் அவர்தான். தீத்தடுப்புக் காவல் குழுவின் காவல் குடிசை தீப்பிடித்து எரிந்தபோதும் அவரே தலைவர். இப்போது தூய நீர்க் குழுத் தலைவர் என்று சட்டைப் பையில் தைத்த பட்டை. தினமும் காலையில் மாஸ்னியா பெட்டியை ஓட்டும்போது அவர் பின்னால் கைகட்டி நின்று மேற்பார்வை பார்ப்பார்.

பத்து நாளைக்கு முன் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெட்டி வியாழக்கிழமை அதிகாரி முன்னிலையில் இயக்கிக் காட்டப்படவேண்டும். சரியாக இயங்கினால் அங்கேயே நிரந்தரம். இல்லையென்றால் மேல்கால்வாய் ஊரான ஹந்தில் புலாய்க்கு மாற்றப்படும். மாஸ்னியா அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு போய் அடுப்பைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரு வார்த்தைதான்.

"அன்னிக்கு நான் ஓட்டட்டுமா?"

"அதிகாரி முன்னாடி தலைவர் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் சியாரானி.

வியாழன் விடியும்போதே மாஸ்னியா டோஃபுக் கூடைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். திரும்பும்போது மணி ஒன்பது. புகையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டுத் துடுப்பை நிறுத்தினாள். ஒரு பெரிய படகு பக்கத்தில் வந்தது. தளம் காலி. இரண்டு தடித்த பலகை, சுருள் சுருளாகக் கயிறு, நான்கு வாட்டசாட்டமான ஆட்கள். முன்னால் ஹந்தில் புலாய் ஊர்த்தலைவர் அஸ்புல், இஸ்திரி போட்ட சட்டையில்.

"என்ன தலைவரே, விசேஷத்துக்குக் கயிறெல்லாம் எடுத்துட்டு வர்றீங்க?"

"போறப்போ வெறும் படகா போகக்கூடாது பாருங்க அசில்."

"பாரம் இல்லாத படகு லேசா போகுமே."

"லேசா போயி என்ன பண்ண? எங்க ஊர்லயும் பொம்பளைங்க வெள்ளைத் துணி கேக்குறாளுங்க. சியாரானி அண்ணன் தலைவரா இருந்த எதுதான் நிலைச்சுது, சொல்லுங்க?"

 துடுப்பை வேகமாகப் போட்டாள்.

படித்துறையில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி. அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். அவர் பெயர் சுபார்ஜோனோ. பெயருக்கு முன்னால் இரண்டு பட்டமும் பின்னால் இரண்டு பட்டமும் உண்டு. அழைப்பிதழில் அவர் பெயர் மட்டும் இரண்டு வரி. யூலியானி அளவுக் கருவிகளை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் 'முன்' என்றும் மற்றதில் 'பின்' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது.

விருந்தாளிக்கு மழைத்தண்ணீரில் தேநீர் வைப்பதுதான் இந்த ஊர் வழக்கம். எவ்வளவு வறட்சியானாலும் வந்தவருக்குக் கால்வாய்த் தண்ணீர் கொடுத்தால் குடும்பத்துக்கே இழுக்கு. மாஸ்னியா கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். டிரம்முக்குள் விட்ட கரண்டி அடியில் போய்க் கரகரவென்று உரசியது.

குனிந்து பார்த்தாள். எட்டு நாளைக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர். அடியில் ஒரு செத்த பல்லி மட்டும் இருந்தது.

"காலையில ஜுலாக்தான் மொண்டு மொண்டு தூக்கிட்டுப் போனாரு," என்றாள் பக்கத்து வீட்டு ஈஜா, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பெரியப்பா வயதுக்காரர்களை ஜுலாக் என்பார்கள். "இருபது வாளி. எண்ணினேன். வந்தவங்களைக் குளிப்பாட்டப் போறாரோன்னு நெனச்சேன்."

"எங்க கொண்டு போனாரு?"

"துறைப்பக்கம்."

பெட்டியில் நேற்று தெளியவைத்ததெல்லாம் சோயாவுக்கே போய்விட்டது. வேறு வழியில்லாமல் மாஸ்னியா கால்வாயில் கெட்டிலை முக்கி அடுப்பில் வைத்தாள். தேயிலையை இரண்டு பங்கு போட்டாள், சர்க்கரையை மூன்று பங்கு. எப்படியும் நிறம் ஒன்றுதான். சுபார்ஜோனோ ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார்.

"மழைத்தண்ணி டீன்னா டீதான். நகரத்துல இந்த ருசி ஏது?"

"இன்னொரு கப் தரட்டுமா பாக்?" என்றாள் மாஸ்னியா. பாக் என்றால் ஐயா. அதிகாரியை வேறு எப்படிக் கூப்பிடுவது.

பந்தலுக்குப் பின்னால் சியாரானியைப் பிடித்தாள். தலையில் எண்ணெய், பையில் பட்டை, கையில் நான்கு பக்கப் பேச்சு. 

"டிரம் தண்ணி எங்க?"

"எந்த டிரம்?"

"அபா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "பெட்டிக்குள்ள."

"பெட்டிக்குள்ளயா?"

"கத்தாத. முந்தாநாள் நீ சந்தைக்குப் போனப்போ ஒரு ஒத்திகை பார்த்தேன். மாட்டு மூத்திரம் மாதிரி வந்துச்சு. இன்னிக்கும் அப்படி வந்தா? உள்ள போறது தெளிவா இருந்தா வெளிய வர்றதும் தெளிவாத்தானே வரும். இதுல எங்க தப்பு நடக்கும், நீயே சொல்லு."

"முந்தாநாள் உப்புப் போட்டீங்களா?"

"உப்பா?"

"இன்னிக்கு?"

"சுத்தமான தண்ணிக்கு எதுக்குடி உப்பு?"

 வெறும் மழைத்தண்ணீர், பாலமே கிடையாது. "ஒரு நிமிஷம் இருங்க, நான் போயி..." என்பதற்குள் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிவிட்டது. சியாரானி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

மனித குலம் கலங்கலிலிருந்து புறப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் நாகரிகங்கள் நதிக்கரையில் தோன்றின. மாஸ்னியா கூட்டத்தின் ஓரமாக நகர்ந்து பெட்டிப் பக்கம் போகப் பார்த்தாள். நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன, முன்வரிசையில் அஸ்புலின் நான்கு ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "உக்காருங்க அசில், உங்க வீட்டுக்காரர் பேசுறாரு," என்றான் ஒருவன். மூன்றாம் பக்கத்தில் பொன்னேடு வந்தது. இடைவெளி. சுபார்ஜோனோ கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். சியாரானி கையை உயர்த்தி இறக்கிச் சுவிட்சைப் போட்டார்.

முள் அசையவில்லை.

குமிழி இல்லை, நுரை இல்லை. எட்டுத் தகடுகளும் தண்ணீருக்குள் சும்மா தொங்கின. யாரோ இருமினார்கள்.

"ஓடுதா?" என்றார் சுபார்ஜோனோ.

"ஓடுது பாக். சத்தமில்லாம ஓடுற மெஷின்."

யூலியானி எழுந்து வந்து ஒயர்களைத் தொட்டுப் பார்த்தாள். திருகைக் கடைசி வரைக்கும் திருகினாள். முள் படுத்தே கிடந்தது. பிறகு 'முன்' தம்ளரைத் தொட்டிக்குள் விட்டு மொண்டாள். மொண்டவள் அப்படியே நின்றாள்.

சுபார்ஜோனோ அதை வாங்கிப் புகைக்கு நடுவே சிவந்து கிடந்த சூரியனுக்கு நேரே பிடித்தார். தம்ளருக்குள் சூரியன் பளிச்சென்று தெரிந்தது.

"இதுதான் முன்னாடியா?"

சியாரானி வாயைத் திறந்தார்.

"முன்னாடியே இப்படின்னா பின்னாடி எப்படி வரும் பாக்?" என்றார் அஸ்புல். "காத்தா வருமோ?"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. அந்த நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவன் துறைக்குப் போய்ப் பலகையைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

"அரசாங்கத்தை ஏமாத்துற வேலையா இது?" சுபார்ஜோனோவின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "யார் ஊத்துனது இந்தத் தண்ணிய? தலைவரே, உங்களைத்தான் கேக்குறேன்."

சியாரானியின் கையில் ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்தது. அவர் மூச்சு வாங்குவது கால்வாய்க்கு அக்கரை வரைக்கும் கேட்டது. மாஸ்னியா அவர் காதைப் பார்த்தாள். பயந்தால் அவருக்கு முதலில் சிவப்பது காதுதான். கூட்டுறவைப் பூட்டியபோதும் இப்படித்தான் சிவந்திருந்தது. இவர் உண்மையைச் சொன்னால் பெட்டி போய்விடும். சொல்லாமல் இப்படியே நின்றாலும் போய்விடும். இன்னும் இரண்டு மாதமாவது வறட்சி இருக்கிறது.

"நான்தான் பாக்," என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"நான்தான் ஊத்துனேன். அவருக்குத் தெரியாது. பெரிய மனுஷங்க வர்ற இடத்துல கால்வாய்த் தண்ணிய வைக்கலாமான்னு தோணுச்சு. எங்க வழக்கத்துல விருந்தாளிக்கு மழைத்தண்ணிதான். அதான் பெட்டிக்கும் அதையே ஊத்திட்டேன். தப்பா?"

 பிறகு சுபார்ஜோனோ சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிகாரி சிரித்த பிறகு கூட்டமும் தைரியமாகச் சிரித்தது. ஈஜா மட்டும் இருபது வாளியை மனத்துக்குள் இன்னொரு தரம் எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க வாங்கம்மா," என்று கூப்பிட்டார் சுபார்ஜோனோ. மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கரண்ட் போய் அழுக்கைச் சுடவைக்கிறது; சூடு தாங்காமல் அழுக்கு ஆவியாகிறது; அதனால்தான் குமிழி. யூலியானி கருவிப் பெட்டிக்குள் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

"அழுக்குத் தண்ணி ஊத்துனாத்தான் மெஷினுக்கு வேலை. புரியுதா?"

"ஆவியாயிடுதா பாக்?"

"ஆமா."

"அடேயப்பா," என்றாள் மாஸ்னியா.

"சரி, மறுபடி ஓட்டிக் காட்டுங்க. ஆனா இந்தம்மா பெட்டிப் பக்கம் வரக்கூடாது." சொல்லிக்கொண்டே அடிக்குழாயைத் தம் கையாலேயே திறந்துவிட்டார், ஒரு திறப்பு விழா போல. இருநூறு லிட்டர் மழை கால்வாயில் விழுந்தது. பழுப்புக்கு நடுவே ஒரு தெளிந்த வட்டம் விரிந்து, சுருங்கி, மூடிக்கொண்டது. பாத்திரம் எடுத்துவரக்கூட யாருக்கும் நேரமில்லை.

பம்பு கால்வாய்த் தண்ணீரை ஏற்றியது. வறட்சியில் அது காப்பி நிறம். சியாரானி பெட்டி முன்னால் தனியாக நின்றார். பன்னிரண்டடி தள்ளித் தேநீர் மேசைக்குப் பின்னால் மாஸ்னியா, கையில் கரண்டியோடு. நான்கு பேரும் கயிற்றைக் கீழே போடவில்லை.

சியாரானியின் கை சுவிட்சுக்குப் போனது. மாஸ்னியா கெட்டிலில் ஒரு தட்டுத் தட்டினாள். நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் ஏறும் நேரத்தில் வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த உப்புப் பொட்டலத்தை அவள் மேசைமேல் தூக்கி வைத்தாள், ஒன்றும் தெரியாதவள்போல. பிறகு வெறுங்கையை மூடி மூடித் திறந்தாள், இரண்டு தடவை. அவர் வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

"எதுக்கு உப்பு?" என்றார் சுபார்ஜோனோ.

"அழுக்கு... சீக்கிரம் சூடாகட்டும்னு பாக்."

"ஆமா, ஆமா."

இரண்டு பிடி. சுவிட்ச். முள் துள்ளி எழுந்தது. கூட்டத்தில் ஓர் 'ஓ'. தகடுகளுக்கு நடுவிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் சரம் சரமாக ஏறின. சியாரானிக்கு உற்சாகம் தாங்கவில்லை. திருகை இன்னும் திருகினார், தொட்டி உறுமியது. மேசைக்குப் பின்னால் மாஸ்னியாவின் கையிலிருந்த கரண்டி தாழ்ந்தது. அவர் குறைத்தார். இன்னும் தாழ்ந்தது. இன்னும் குறைத்தார். கரண்டி நின்றது, அவரும் நின்றார்.

இதற்கிடையே யூலியானி ஒரு தடவை கரண்டியைப் பார்த்தாள், ஒரு தடவை சியாரானியைப் பார்த்தாள். இருவருக்கும் குறுக்கே நின்றுகொண்டிருந்தவள் அரை அடி விலகி நின்றுகொண்டாள்.

நாற்பது நிமிஷம் என்பது சும்மா நிற்பவருக்கு நீண்ட நேரம். பழுப்பு திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்க ஆரம்பித்தது. எல்லாரும் பார்க்கும்போது தலைவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதா? சியாரானி துடுப்பை எடுத்தார், கலக்க. கெட்டிலில் விழுந்த அடியில் அதிகாரியின் மடியிலிருந்த பணியாரம் உருண்டது.

"ஈ," என்றாள் மாஸ்னியா.

சியாரானி துடுப்பைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டுக் கைகட்டி நின்றார். அதுதான் அவருக்கு நன்றாக வரும் வேலை.

கரண்டை நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். அஸ்புல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான்கு பேரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். யூலியானி குழாயைத் திறந்து 'பின்' தம்ளரைப் பிடித்தாள். பம்பு ஏற்றியபோது மறுபடி மொண்டு வைத்த 'முன்' தம்ளரில் காப்பி நிறம், 'பின்' தம்ளரில் ஒன்றுமே இல்லாததுபோல் தண்ணீர். கருவியில் முக்கி எண்ணைப் படித்தாள், குறித்துக்கொண்டாள். "சரியா இருக்கு பாக்," என்றாள்.

புகைப்படக்காரர் வந்தார். சுபார்ஜோனோ தம்ளரை உதட்டருகே கொண்டுபோய்ச் சிரித்தார். "இன்னொண்ணு எடு." மறுபடியும் உதட்டருகே. மூன்றாவது படம் முடிந்ததும் தம்ளரை அஸ்புல் கையில் கொடுத்தார். "அண்டை ஊர் சாட்சி வேணும்ல? குடிங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அஸ்புல் குடித்தார். நாக்கைச் சுழற்றினார். குறை தேடினார்; கிடைக்கவில்லை.

"தண்ணி மாதிரிதான் இருக்கு," என்றார்.

பெரிய படகு பலகையோடும் கயிற்றோடும் திரும்பிப் போனது. நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு பணியாரம் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் சுட்ட பனையேறிக் கெண்டையும் சோறும். குடிக்கப் பெட்டித் தண்ணீர்தான். சியாரானி வெகுநேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க," என்றார்.

"சிரிச்சா சிரிக்கட்டும். நாளைக்கு டோஃபு வெள்ளையா இருக்கும்."

"நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீ..."

"மீன் ஆறுது."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "ஆனா பேச்சு நல்லாத்தான இருந்துச்சு?"

"மூணாம் பக்கம் நல்லா இருந்துச்சு," என்றாள் மாஸ்னியா. நாலாம் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. தலைவர் சியாரானியின் திறமையான இயக்கத்தைக் கருதிப் பெட்டி ஹந்தில் கருயாவிலேயே நிரந்தரமாக இருக்கும். ஒரே நிபந்தனை: விவரமறியாதவர்களின் தலையீட்டைத் தவிர்க்கப் பெட்டியைச் சுற்றிக் கம்பிவலை அடித்துப் பூட்டுப் போடவேண்டும், சாவி தலைவரிடமே இருக்கவேண்டும், குறிப்பாகத் திருமதி மாஸ்னியா இரண்டு மீட்டருக்குள் வரக்கூடாது. அதைச் சொல்லும் பலகையையும் அவர்களே செய்து அனுப்பியிருந்தார்கள். பலகையில் அவள் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

சியாரானி தினமும் காலை ஐந்து மணிக்குச் சாவியோடு வந்து பூட்டைத் திறந்துவிட்டு, கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். மாஸ்னியா உள்ளே போவாள். புகையிலும் ஈரத்திலும் பூட்டு துருவேறி இறுகிவிட்டதால், போன வாரத்திலிருந்து அதையும் அவளேதான் திறக்கிறாள்.